கொள்ளைநோய்க் காலத்தில் உள்ளம் காத்தோர்

மனிதகுலத்தின் வரலாறு மன்னர்தம் போர்களின் வரலாறு மாத்திரமன்று. நோய்களோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் வரலாறுமாகும். வாளால் மாண்டோரிலும் கொள்ளைநோயால் மாண்டோர் தொகை பல காலங்களில் மிகுந்திருக்கின்றது. நோய் எங்கே தோன்றிற்று, எவ்வழியாகப் பரவிற்று, எத்துணைப் பேரைக் கொன்றது என்பவற்றை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். ஆனால் அந்நாட்களில் உயிரோடு எஞ்சியிருந்தோரின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை அவை பெரும்பாலும் ஓரிரு வரிகளிற் கூறி அப்பாற் செல்லும். அச்சம், தனிமை, துயர், பிறர்மீது கொள்ளும் ஐயம் ஆகிய நான்கும் நோயைப் போலவே வீடு வீடாகப் பரவுவன. நோய் நீங்கிய பின்னரும் இவை நீங்காது நிற்பதுண்டு.

இவற்றிலிருந்து உள்ளத்தைக் காத்துக்கொள்ள முன்னையோர் என்ன செய்தனர்? அவர் செய்தவற்றுள் எவை பயன் தந்தன? எவை தீங்காய் முடிந்தன? 2020 ஆம் ஆண்டிலே நமது தலைமுறையும் ஓர் உலகப் பெருந்தொற்றைக் கண்டுவிட்டமையால் இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. மீண்டும் அத்தகைய காலம் வருமாயின் நாம் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதற்கு இவற்றின் விடை வழிகாட்டும்.

மணியோசை நின்ற நகரங்கள்

கி. பி. 1347 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கருங்கடற் பக்கத்திலிருந்து வந்த கப்பல்களோடு பிளேக்கு நோய் சிசிலித் தீவை அடைந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளுள் ஐரோப்பிய மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரேனும் அதற்கு இரையாயினர். பாதிப் பேர் மாண்டனர் எனக் கணிப்போரும் உளர். அந்நோய்க்குக் காரணமான கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் என்னும் அறிஞர் கண்டுபிடித்தது 1894 ஆம் ஆண்டிலேதான். ஆதலின் அன்றைய வைத்தியர்க்கு நோயின் மூலமும் தெரியாது, மருந்தும் தெரியாது.

எனினும் அவர்கள் ஒன்றை அறிந்திருந்தனர். கிரேக்க வைத்தியர் கலெனின் வழிவந்த மருத்துவ மரபு, உடல்நலத்தை ஆளும் காரணிகள் ஆறு எனக் கூறும். காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், கழிவும் நிறைவும் என்னும் ஐந்தோடு ஆறாவதாக வைக்கப்பட்டவை உள்ளத்தின் உணர்ச்சிகள். கோபமும் துயரமும் அச்சமும் உடலின் வலியைக் குறைத்து நோய்க்கு வாயில் திறந்துவிடும் என அவர்கள் நம்பினர். 1348 ஏப்ரிலில் ஸ்பெயின் தேசத்து இலெயிடா நகரத்து வைத்தியர் யாக்மே அகிரமொந்து, தம் ஊர் மக்களுக்கென அவர்தம் தாய்மொழியாகிய கட்டலான் மொழியிலேயே ஒரு நூல் எழுதினார். அச்சத்தையும் தீய கற்பனைகளையும் விலக்குக என்பது அந்நூலின் அறிவுரைகளுள் ஒன்று. இறந்தோர்க்காக அடிக்கப்படும் மணியின் ஓசை நோயாளரின் மனத்திற் கொடிய எண்ணங்களை எழுப்புமாதலால் அதனை நிறுத்துதல் நன்று எனவும் அவர் கூறினார்.

இத்தாலியிலுள்ள பிஸ்ரோயா நகர மன்றம் அதே ஆண்டு மே மாதத்தில் இதனைச் சட்டமாகவே ஆக்கிற்று. நோயாளர் மனம் தளராதிருக்கும்பொருட்டுச் சாவு மணி அடித்தலாகாது எனவும், இறந்தவரின் மனைவி தவிர வேறெவரும் துக்க உடை புதிதாகத் தரித்தலாகாது எனவும் அச்சட்டம் விதித்தது. மன்றத்தார் நோய்த் தொற்றை மாத்திரமன்றி அச்சத்தின் தொற்றையும் தடுக்க முயன்றனர் என்பது இதனாற் புலனாகின்றது. மக்களின் மனநிலையைப் பேணுதல் ஆட்சியாளரின் கடமைகளுள் ஒன்று என்பதை அறுநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிறு நகரம் உணர்ந்திருந்தமை வியத்தற்குரியது.

ஆயினும் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நோயாளரின் அச்சத்தைத் தணிக்க மணியை நிறுத்தினர். ஆனால் தந்தையை இழந்த மகனுக்கும் பிள்ளையை இழந்த தாய்க்கும் அந்த மணியோசை ஊரவர் தம் துயரிற் பங்குகொள்வதன் அடையாளமன்றோ? அச்சத்தைக் குறைக்கும் ஒரு செயல் துயரைப் பெருக்குதலும் கூடும். இச்சிக்கல் 1348 ஆம் ஆண்டோடு முடியவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்து இளைஞரின் மாளிகை

அதே ஆண்டிலே புளோரன்சு நகரில் நிகழ்ந்தவற்றைப் பொக்காச்சியோ என்னும் பேராசிரியர் தமது ‘தெக்கமரோன்’ என்னும் கதைநூலின் முன்னுரையில் வருணித்துள்ளார். அந்நகர மக்கள் நால்வகையாகப் பிரிந்தனர் என்பர் அவர். சிலர் கதவடைத்து, நோய்ச் செய்தி எதனையும் கேளாமல், அளவாக உண்டு இசை கேட்டு வாழ்ந்தனர். வேறு சிலர் நாளை சாகப்போகின்றோம் என்று குடியிலும் களியாட்டிலும் மூழ்கினர். இன்னுஞ் சிலர் இரண்டுக்கும் நடுவழியைக் கைக்கொண்டு, மணமுள்ள மலர்களைக் கையிலேந்தி நடமாடினர். மற்றையோர் ஊரைவிட்டே ஓடினர். சகோதரன் சகோதரனைக் கைவிட்டதும், பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க அஞ்சியதும் அம்முன்னுரையிற் கூறப்படுகின்றன. அயலவர் கூடி அழும் வழக்கமே அருகிப்போயிற்று எனவும் அவர் வருந்துகின்றார்.

நூலின் கதைப்படி ஏழு மங்கையரும் மூன்று வாலிபரும் நகருக்கு வெளியேயுள்ள ஒரு மாளிகைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்கள் வாழ்ந்த முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு நாளும் ஒருவர் தலைமை ஏற்று அன்றைய ஒழுங்கை வகுப்பார். உணவுக்கும் உறக்கத்துக்கும் உலாவுதற்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஒருவர் ஒரு கதையாகப் பத்து நாட்களில் நூறு கதைகள் சொல்லப்பட்டன. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கதை இல்லை. அவை வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் உரியவை. பொக்காச்சியோ புனைந்த கதையே எனினும், ஒழுங்கு, நல்ல தோழமை, அளவான செய்தி, மனத்துக்கு ஒரு வேலை என்று அக்கால வைத்தியர் கூறிய முறையே அதில் விளங்குகின்றது.

ஆனால் அம்மாளிகைக்குச் செல்லப் பத்துப் பேருக்கும் பொருளும் பணியாட்களும் இருந்தனர். நகரிலே எஞ்சிய ஏழைகளுக்கு எந்த மாளிகை திறந்தது? செல்வர்க்கு மாத்திரம் உதவும் மனநல அறிவுரை அரை அறிவுரையே. ஆகவே ஏழை ஊர் ஒன்று இதே சோதனையை எவ்வாறு எதிர்கொண்டது என்று பார்த்தல் வேண்டும்.

ஈம் என்னும் சிற்றூர்

இங்கிலாந்தின் டார்பிசயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு கிராமம் உண்டு. கமக்காரரும் ஈயச் சுரங்கத் தொழிலாளரும் வாழ்ந்த ஊர் அது. 1665 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிளேக்கு தலைவிரித்தாடிய காலத்தில், அங்கிருந்து ஈம் ஊர்த் தையற்காரர் ஒருவர் வீட்டுக்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. அதனை அவிழ்த்து உலர்த்திய ஜோர்ஜ் விக்கர்ஸ் என்னும் பணியாளர் சில நாட்களுள் நோயுற்று, செப்ரெம்பர் 7 ஆந் தேதி இறந்தார். நோய் அயல்வீடுகளுக்குப் பரவிற்று. பனிக்காலத்திற் சற்றுத் தணிந்த அது, 1666 கோடையில் முன்னிலும் வேகமாய்ப் பற்றியெரிந்தது.

அவ்வூரின் குருவானவர் வில்லியம் மொம்பெசன் இருபதுகளின் பிற்பகுதியிலிருந்த இளைஞர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன் அங்கு ஊழியஞ்செய்த தோமஸ் ஸ்ரான்லி, 1662 ஆம் ஆண்டின் சமயச் சட்டத்துக்கு இணங்க மறுத்தமையாற் பதவியிழந்தவர். ஊரவர் பலர் பழைய குருவின் பக்கம் சாய்ந்திருந்தனர். இருவரும் எதிரெதிர்க் கட்சியினர். ஆயினும் மொம்பெசன் தம் மானத்தைப் பாராட்டாது ஸ்ரான்லியின் துணையை நாடினார். ஸ்ரான்லியும் பழைய பகையைப் பாராட்டாது முன்வந்தார். 1666 யூன் மாதத்தில் இருவரும் ஒருமித்து நின்று ஊர் மக்களுக்கு மூன்று முடிவுகளை முன்வைத்தனர்.

முதலாவது, இறந்தோரைச் சேமக்காலைக்குக் கொண்டுசெல்லாது அவரவர் வளவுகளிலும் வயல்களிலும் உறவினரே அடக்கஞ் செய்தல். இரண்டாவது, தேவாலயத்தைப் பூட்டி, கக்லெட் டெல்ப் என்னும் பள்ளத்தாக்கிலே வெளியிற் கூடி, குடும்பம் குடும்பமாக விலகி நின்று வழிபடுதல். மூன்றாவது, ஊரைச் சுற்றி எல்லை வகுத்து, உள்ளிருந்து எவரும் வெளியேறாதும் வெளியிலிருந்து எவரும் உட்புகாதும் இருத்தல். டெவன்சயர் பிரபு உணவும் தேவையான பொருள்களும் அனுப்ப இசைந்தார். எல்லைக் கற்களிற் குழி குடைந்து வினாகிரி ஊற்றி, அதனுள்ளே காசை இட்டுவைப்பர். அயலூரார் பண்டங்களை வைத்துக் காசை எடுத்துச் செல்வர்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மாத்திரம் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எலிசபெத் ஹன்கொக் என்னும் தாய், அம்மாதம் எட்டு நாட்களுள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே குழிதோண்டிப் புதைத்தாள். துணைக்கு ஒருவருமில்லை, மணியுமில்லை, மந்திரமுமில்லை. அவ்வேழு கல்லறைகளும் மலைச்சரிவில் இன்றும் உள்ளன. மொம்பெசன் தம் இரு குழந்தைகளையும் முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். கணவரைப் பிரிய மறுத்துத் தங்கிய அவர் மனைவி கதரின் ஓகஸ்ட் 25 ஆந் தேதி நோய்வாய்ப்பட்டு இறந்தார். நவம்பர் தொடக்கத்தில் நோய் ஓய்ந்தபோது மாண்டோர் தொகை ஏறத்தாழ 260. அயற் கிராமங்கள் தப்பின.

இக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் ஈம் மக்களின் தியாகத்தையே புகழ்வர். பற்றிக் வொலிஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இப்புகழுரை பிற்காலத்தார் வளர்த்தது எனவும், செல்லுமிடமற்ற ஏழைகளுக்கு வெளியேறும் வழியே இருந்திலது எனவும் எடுத்துக்காட்டினார். அக்கருத்துத் தள்ளத்தக்கதன்று. எலித்தெள்ளால் பரவும் நோயாதலால் உள்ளே அடைந்திருந்தமையே ஊரவரின் சாவை மிகுவித்திருத்தலுங் கூடும். ஆயினும் நமது வினா வேறு. தாமாக இருந்தாலென்ன, வேறு வழியின்றி இருந்தாலென்ன, பதினான்கு மாதங்கள் சாவின் நடுவே இருந்த ஊர் சிதறிப்போகாமல் நின்றது எங்ஙனம்?

விடையை அவ்வூரின் மூன்று ஏற்பாடுகளிலே காணலாம். இலண்டனில் நோயுற்ற வீட்டை நாற்பது நாட்களுக்குப் பூட்டி, கதவிற் செஞ்சிலுவை தீட்டி, காவலாளரை நிறுத்தினர். அங்கே உள்ளிருந்தோர் தாம் தண்டிக்கப்பட்டதாகவே எண்ணினர்; காவலரை ஏமாற்றித் தப்பியோடியோரும் பலர். ஈம் ஊரிலோ கட்டளை ஊரவர் கூடிய இடத்தில், காரணங் கூறி, அவர்கள் நம்பிய இருவரால் முன்வைக்கப்பட்டது. இது ஒன்று. தேவாலயத்தைப் பூட்டினர், கூடுவதை நிறுத்தவில்லை. உடல்கள் விலகி நின்றன. முகங்கள் ஒன்றையொன்று கண்டன. இது மற்றொன்று. அடுத்த வேளை உணவைப்பற்றிய கவலை எல்லைக் கல்லிலேயே தீர்க்கப்பட்டது. இது மூன்றாவது. நம்பத்தக்க சொல், விலகியிருந்தும் விடாத உறவு, பசியின்மை ஆகிய இம்மூன்றும் இருந்தமையால், சாவு மிகுந்த ஊரிலே பித்து மிகவில்லை.

குறையும் இருந்தது. பிணம் புதைக்கும் வேலையை ஏற்ற மார்சல் ஹௌ என்பவன், இறந்தோரின் பொருள்களையே கூலியாக எடுத்துச் சென்றான் எனவும், ஈற்றில் அவன் மனைவியும் மகனும் நோயால் மாண்டனர் எனவும் ஊர்க்கதை கூறும். ஈமச் சடங்கற்ற அடக்கம் ஆறாப் புண்ணாக நின்றது. அதனாற்போலும் இன்றும் ஒவ்வோராண்டும் ஓகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறன்று அவ்வூரார் அதே பள்ளத்தாக்கிற் கூடி மாண்டோரை நினைந்து வழிபடுகின்றனர். அன்று செய்யவியலாத சடங்கை அவர்தம் வழித்தோன்றல்கள் செய்து வருகின்றனர் எனலாம்.

அதே 1665 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் பல்கலைக் கழகம் மூடப்படவே, இருபத்திரண்டு வயது ஐசாக் நியூட்டன் தம் கிராமத்து வீட்டுக்குத் திரும்பிக் கணிதத்திலும் ஒளியியலிலும் பெருங் கருத்துக்களைக் கண்டார். 2020 இல் இக்கதை இளைஞருக்கு அடிக்கடி சொல்லப்பட்டது. நன்று; ஆனால் எல்லாரும் நியூட்டன் அல்லர். அவருக்கு அமைதியான வீடும், கவலையற்ற உணவும் இருந்தன. கொள்ளைநோய்க் காலத்தில் மனங்கலங்காது நாட்களைக் கழித்தவனும் ஒரு காரியம் சாதித்தவனே.

ஆராய்ச்சியாளர் கண்டவை

வரலாறு குறிப்பாற் கூறியதை நமது காலத்து ஆராய்ச்சி அளந்து கூறுகின்றது. 2003 ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது கனடாவின் ரொறன்ரோ நகரிற் பல்லாயிரவர் தனிமைப்படுத்தப்பட்டனர். அவருள் 129 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு முப்பது பேரளவில் மனவடுவின் அறிகுறிகளும், ஏறத்தாழ அதேயளவினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. தனிமை நீளநீள அறிகுறிகளும் மிகுந்தன. 2020 பெப்ரவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர் இத்தகைய 24 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். தனிமை நாட்கள் நீளுதல், தொற்று அச்சம், சலிப்பு, பண்டக் குறைவு, தெளிவற்ற தகவல், வருமான இழப்பு, பிறர் இகழ்தல் ஆகியவையே மனத்தை நோகச் செய்வன என அவர் கண்டனர். கட்டாயத்தாலன்றிப் பிறர்நலங் கருதித் தனித்திருப்பதாக உணர்வோர் துன்பத்தை எளிதில் தாங்குவர் எனவும் அவர்கள் எடுத்துரைத்தனர். ஈம் ஊரின் எல்லைக் கல்லும் பள்ளத்தாக்கும் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

கொவிட் பெருந்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் நூற்றுக்கு இருபத்தைந்து அளவில் அதிகரித்தன என உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச் மாதத்தில் அறிவித்தது. இளைஞரும் பெண்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். ‘சமூக இடைவெளி’ என்று முதலில் வழங்கிய சொல்லைவிட ‘உடல் இடைவெளி’ என்பதே பொருத்தம் என அந்நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வலியுறுத்தியதும் கருதத்தக்கது. விலகவேண்டியது உடல், உள்ளமன்று.

நம் நாட்டிலே

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். வைசூரி கண்ட வீட்டை நம் ஊரிலே ‘அம்மாள் வருத்தம்’ வந்த வீடு என்பர். வாசலில் வேப்பிலை கட்டுவர், பிறர் உட்செல்லார். வீட்டிலே உரத்த பேச்சும் சண்டையும் ஆகா. மாரியம்மன் தாலாட்டுப் படிப்பர். வைசூரிக்கு இது மருந்தாகவில்லை. தடுப்பூசியே அந்நோயை ஒழித்தது. 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஒழிவை அறிவித்தது. ஆயினும் நோயாளியைப் பிறரிடமிருந்து விலக்கியபோதும் வெறுத்து ஒதுக்காது, அமைதியும் மதிப்பும் சூழ வைத்துப் பேணிய அம்முறையில் ஓர் உளநல அறிவு பொதிந்திருந்தது.

2020 மார்ச் 20 ஆந் தேதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நாட்கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாணவர் கல்வி தொலைபேசித் திரைக்குள் ஒடுங்கிற்று. நோயுற்றவர் வீட்டைக் குற்றவாளியின் வீடுபோற் பார்த்த அயலாரும் உண்டு. எல்லாவற்றிலுங் கொடியது சாவீட்டின் தனிமை. நம்மிடையே செத்தவீடு என்பது ஊரே கூடித் துயரைப் பகிரும் இடம். ஒப்பாரியும், துக்கம் விசாரித்தலும், எட்டும், அந்தியேட்டியும் துயரைப் படிப்படியாக ஆற்றுவதற்கு முன்னோர் வகுத்த படிகள். அவை இல்லாமலே பலர் தம் பெற்றோரை வழியனுப்பினர்.

நமக்காவது தகனம் நம் வழக்கமாயிருந்தது. நம் முஸ்லிம் சகோதரர்க்கு அதுவுமில்லை. அடக்கஞ் செய்தலும் பாதுகாப்பானதே என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரில் தொடக்கம் 2021 பெப்ரவரி இறுதிவரை கொவிட்டால் இறந்த எவரையும் எரித்தே ஆகவேண்டும் என்பது சட்டமாயிருந்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சிலேதான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. 2024 யூலையில் அரசு மன்னிப்புக் கோரிற்று. தமக்குரிய சடங்கை இழந்தோர் நெஞ்சின் வேதனையை, அந்தியேட்டி செய்யவியலாது தவித்த நாம் உணராவிடின் வேறு யார் உணர்வர்? பிஸ்ரோயா நகரத்தார் நிறுத்திய மணி நமது நாட்டிலும் நின்றது.

நாம் செய்யக்கூடியவை

இவ்வரலாற்றிலிருந்து நமது சங்கம் போன்ற இளைஞர் அமைப்புக்கள் கற்கத்தக்கவை சிலவுள. நோய்க்காலத்தில் வதந்தியைப் பரப்பாது, உண்மையை நாளொன்றுக்கு ஒருமுறை அறிந்து அமைதல் முதலாவது. தனித்திருக்கும் முதியோரையும் நோயாளரையும் தினமும் ஒருவர் பேரிட்டு அழைத்துப் பேசுதல் இரண்டாவது. பசித்த வீட்டுக்கு எல்லைக் கல்லாக நின்று உணவு சேர்த்தல் மூன்றாவது. பசித்தவனிடம் மனத்தைத் தேற்று என்று சொல்லுதல் பேதைமை. நான்காவது, எந்தச் சமயத்தவராயினும் இறந்தோரை உரிய முறையில் நினைவுகூர வழிசெய்தல். அன்று தவறியதைப் பின்னராவது கூடிச் செய்தல். இவற்றாலும் ஆறாத மனநோவு உண்டெனின் வைத்தியரை நாடுதல் வேண்டும்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் அதற்கெனவே உண்டு. காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாத நாம் மனத்துயருக்கு உதவி கேட்க ஏன் நாணவேண்டும்?

போரும் ஆழிப்பேரலையும் கண்ட யாழ்ப்பாணத்து மக்களை நெடுங்காலம் ஆராய்ந்த மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பேரிடர் தனிமனிதனை மாத்திரமன்றிச் சமூகத்தையும் புண்படுத்தும் என்று எழுதியுள்ளார். புண் கூட்டாக வந்ததாயின் ஆற்றுதலும் கூட்டாகவே நடைபெறல் வேண்டும். கட்சி வேறுபட்ட இரு குருமார் ஒரு பள்ளத்தாக்கிலே ஒருமித்து நின்றபோது ஒரு சிற்றூரின் மனம் நிலைத்தது. சாதியாலும் சமயத்தாலும் ஊர்ப்பிரிவாலும் நாம் பிரிந்து நிற்போமாயின், அடுத்த கொள்ளைநோய் நம் உடலைத் தீண்டுமுன்னரே உள்ளத்தைத் தீண்டிவிடும். முதியோரின் அனுபவமும் இளைஞரின் உழைப்பும் இப்போதே கைகோக்குமாயின், விலகியிருக்கவேண்டிய நாள் வந்தாலும் நாம் தனித்திருக்கமாட்டோம்.